அந்த இதில் மாட்டுகிற அது

நாற்பத்தோரு வருடம் இப்படித்தான் கடைக்கு வந்தார்கள்:
"எவரிஸ்தோ, அந்த இதில் மாட்டுகிற அது இருக்கிறதா?"
இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் ஒரு அளவு காட்டுவார்கள்.
சிலர் வெறும் சத்தம்தான், க்ளிக் என்று.
அவர் ஏணியில் ஏறுவார்.
இறங்கும்போது கையில் அதுவே இருக்கும்.

போர்த்தோவில் எங்கள் தெரு முழுக்க இரும்புச் சாமான் கடைகள்.
எங்களுடையதில் அறுநூற்று எண்பது இழுப்பறை.
ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றை
அறைந்து வைத்தவர் என் அப்பா,
எழுத்தை நம்பாத மனிதர்.
கணக்கு எழுதியது நான்.
ஒவ்வொரு திருகையும் பெயர் சொல்லி அழைத்தது
எவரிஸ்தோ மட்டும்.

நவம்பரில் ஒரு காலை
காப்பிக்குச் சர்க்கரை கேட்க வாயைத் திறந்தவர்
"ஆணி" என்றார்.
தன் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு, திருத்தி,
"ஆணி" என்றார்.

இடது பக்கம், ஒரு நாணய அளவு என்றார் டாக்டர்.
எந்த நாணயம் என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம். ஐம்பது சென்ட்.

பேச்சுப் பயிற்சிக்கு யோலாந்தா படங்களோடு வருகிறாள்.
ஒட்டகத்தைப் பார்த்து
"அது இல்லை, அதுக்குப் பக்கத்து வீடு" என்கிறார்.
கத்தரிக்கோலுக்கு விரல்கள் சரியாக வெட்டுகின்றன,
வாய் "கத்... கதவு... கத்..." என்று முட்டுகிறது.
முதல் எழுத்தை அவள் எடுத்துக் கொடுத்தால்
கிணற்றுக் கயிற்றோடு வாளி வருவதுபோல் மீதி வரும்.
சில நாள் வெறும் கயிறு.

எங்கள் மொழியில் கிழமைகளுக்கு எண்தான் பெயர்;
திங்கள் இரண்டாவது, வெள்ளி ஆறாவது.
சனிக்கும் ஞாயிறுக்கும் மட்டும் சொந்தப் பெயர்.
இன்று என்ன கிழமை என்றால்
இரண்டிலிருந்து படிப்படியாக ஏறி
ஐந்தில் நிற்கிறார், மூச்சு வாங்க.
நிற்கத் தெரியாமல் ஞாயிறுவரை போய்விடுவதும் உண்டு.

கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.
மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டவர்
அதைச் செய்த தச்சனின் மூன்று தலைமுறையை
ஒரே மூச்சில், இலக்கணம் பிசகாமல் விசாரித்தார்.
நான் கைதட்டிவிட்டேன்.

எனக்கு எழுபத்திரண்டு. எனக்கும் தொலைகிறது.
என்னுடையது வயது, அவருடையது நோய் என்று
காகிதத்தில் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.
என் சொற்கள் மழைநாள் டிராம்போலத் தாமதம்;
வரும் என்று தெரிந்து நிற்கிறேன்.
அவர் பக்கத்தில் தண்டவாளத்தையே பெயர்த்தாகிவிட்டது.
அவரும் நிற்கிறார், குடையோடு.

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு எழுப்பினார்.
கையைத் திருகிக் காட்டினார்.
சாவி கொண்டுவந்தேன். இல்லை.
பல்பு. இல்லை.
ஒயின் பாட்டில் திறக்கிற கார்க் திருகி. சிரித்தார். இல்லை.
"ஞாயிறு" என்றார். "ஞாயிறு, ஞாயிறு."
பிறகு என் உதட்டின்மேல் விரலை வைத்தார்.
அப்போதுதான் கேட்டது, சமையலறைக் குழாய்,
சொட்டு.
சொட்டு.

"குழாய்க்குள்ளே போடுவோமே, அந்த..."
ரப்பர், வட்டம், நடுவில் ஓட்டை.
எத்தனை ஆயிரம் ரசீதில் எழுதியிருப்பேன்!
வரவில்லை.
அவர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்.
நான் அவர் வாயைப் பார்த்தேன்.
நல்ல ஜோடி.

இரவு உடைக்குமேல் கோட்டு மாட்டி
மூன்று வருடமாக மூடிக் கிடக்கும் கடைக்கு இறங்கினோம்.
விளக்கைப் போட்டதும் அறுநூற்று எண்பது சாமானும்
பெயரைப் பற்றிய கவலையே இல்லாமல்
அதனதன் இடத்தில் இருந்தன.
அவரை ஏணியில் ஏற விடவில்லை, நான் ஏறினேன்.
கீழிருந்து கையசைத்தார்: இடது, இன்னும், மேலே,
அது.

விடிவதற்குள் குழாய் நின்றது.

மறுநாள் ரொட்டிக் கடையில் சில்லறை வாங்கும்போது
"வாஷர்!" என்று கத்திவிட்டேன்.
"எத்தனை?" என்றாள் அந்தப் பெண்.

படியேறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
அவரிடம் சொன்னேன்: வாஷர்.
எவரிஸ்தோ தலையைச் சாய்த்து,
தப்பான பெயரோடு கடைக்கு வந்தவர்களை
ஒருநாளும் திருத்தாத அதே மரியாதையோடு
என்னைப் பார்த்தார்.
"ஆணி" என்றார்.